சலுகையும் வீம்பும்

சைக்கிள் ஓட்டுவதற்கும் மார்க்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். நமக்கு ஆபரேஷன் நடப்பதற்கு முன்னால் யாராவது இப்படியொரு கட்டுரையைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம்.

நம் வீடு ஊருக்கு மேற்கே, வாய்க்காலுக்கு அப்பால் பின்னாளில் உண்டான தெருவில் இருக்கிறது. பெரிய பள்ளிவாசலோ பழைய கடைத்தெருவை ஒட்டியது. இடையே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரம். நடுவில் வாய்க்கால் பாலத்து ஏற்றம் ஒன்று. முப்பது வருடங்களுக்கு மேலாக ஸுப்ஹுத் தொழுகைக்கு அந்தத் தூரத்தைச் சைக்கிளில்தான் கடந்து வந்தோம். பாங்குக்கு முன்பாகவே வீட்டில் ஒளுச் செய்துகொண்டு புறப்பட்டுவிடுவோம். மோதினார் கதவைத் திறக்கும்போது படியில் நிற்பது பெரும்பாலும் நாமாகத்தான் இருக்கும். பாலத்து இறக்கத்தில் நாய்களை விலக்க நாம் அடிக்கும் மணிச் சத்தத்தில்தான் தாங்கள் கண் விழிப்பதாகக் கடைத்தெருக்காரர்கள் இரண்டொருவர் சொன்னதுண்டு. அதைக் கேட்கும்போது "எல்லாம் அல்லாஹ்வின் உதவி" என்று வாயால் சொல்வோம். உள்ளே என்ன நடந்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

பனூ ஸலிமா கூட்டத்தார் தூரத்திலிருந்து நபி (ஸல்) அவர்களின் பள்ளிக்கு அருகில் குடிபெயர விரும்பியபோது, இருந்த இடத்திலேயே இருக்கும்படியும், அவர்கள் எடுத்து வைக்கும் அடிகள் எழுதப்படுவதாகவும் நபியவர்கள் அறிவித்த செய்தி நேயர்கள் அறிந்ததே. சைக்கிள் மிதிப்பதும் அந்த அடிகளில் சேருமா என்று வாலிபத்தில் ஒரு ஹள்ரத்திடம் விளையாட்டாகக் கேட்டோம். "மிதிப்பது நீங்களா, சைக்கிளா?" என்றார் அவர். அந்தப் பதிலை நெஞ்சில் முடிந்து வைத்துக்கொண்டுதான் இத்தனை காலமும் மிதித்தோம்.

அறுபது தாண்டியதும் சிறுநீர்த் தொந்தரவு தொடங்கிற்று. இரவில் நான்கு முறை, ஐந்து முறை எழ வேண்டும். போனால் உடனே வராது. வந்தாலும் முடிந்த மாதிரி இராது. இஸ்தின்ஜாச் செய்து, ஒளுவும் செய்து எழுந்தால் ஒரு சொட்டு. மறுபடியும் முதலிலிருந்து! இரண்டு வருடம் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டில் கேட்டதற்கு "பனிக்காலம்" என்று சமாளித்தோம். சித்திரையிலும் அதையே சொன்னோம். கடைசியில் ஒருநாள் இரவு சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. அந்த வேதனையை எழுதிக் காட்ட முடியாது. மகன் ஆட்டோ பிடித்து, பக்கத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தான்.

ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்ப் பாதையைச் சுற்றி மோதிரம்போல் பிராஸ்டேட் என்றொரு சுரப்பி இருக்கிறது. இளமையில் பெரிய நெல்லிக்காய் அளவுதான். வயது ஏற ஏற அது பருத்து, நடுவில் போகும் பாதையை நெருக்குகிறது. மிகப் பலருக்கு வரக்கூடியது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை என்று இப்போது எளிதாக எழுதுகிறோம். இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, வெளியே கத்தி படாமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைத்த சதையைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பியதில் புற்றுநோய் இல்லை என்று வந்தது, அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னவை மிகச் சில: தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மலச்சிக்கல் கூடாது, குடம் வாளி தூக்கக் கூடாது, ஆறு வாரத்துக்குச் சைக்கிளைத் தொடக் கூடாது.

பன்னிரண்டாம் நாள் ஓட்டினோம்.

வலி இல்லை. வெளியே காயமும் இல்லை. காயம் இல்லாத உடம்பைப் பார்த்து மனம் ஏமாந்துபோகிறது. "ஸுப்ஹுக்கு ஆட்டோ சொல்லட்டுமா அத்தா? இல்லையென்றால் கொஞ்ச நாள் வீட்டிலேயே தொழுங்களேன்" என்று மகன் முதல் நாள் இரவே கேட்டான். நமக்கு அது சுருக்கென்றது. ஆட்டோவில் போய் இறங்குவதா! அவன் எழுவதற்கு முன்பே கதவைச் சத்தமில்லாமல் திறந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போய், அங்கே காலைத் தூக்கிப் போட்டு ஏறினோம். பாலத்து ஏற்றத்தை எழுந்து நின்று மிதித்தோம். பள்ளியில் எல்லோரும் ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மாஷா அல்லாஹ், பன்னிரண்டே நாளில்!" என்றார் ஒருவர். அந்தச் சொல் எவ்வளவு இனித்தது!

வீடு திரும்பியதும் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. லுஹருக்குள் கட்டிகட்டியாக இரத்தம் வந்து பாதையை அடைத்துக்கொண்டது. உள்ளே செதுக்கிய இடத்தில் படிந்திருக்கும் பொருக்கு ஏறக்குறைய இரண்டாம் வாரத்தில்தான் உதிரும் என்பதும், அந்தச் சமயத்தில் முக்கினாலும் அழுத்தினாலும் மறுபடி இரத்தம் பெருகக்கூடும் என்பதும், புண் முழுதும் ஆற ஆறேழு வாரமாகும் என்பதும் பிறகுதான் விளங்கின. விளக்கியிருப்பார்கள், நாம்தான் காது கொடுக்கவில்லை. மீண்டும் டியூப், மூத்திரப்பையை விடாமல் கழுவும் தண்ணீர், மூன்று நாள் படுக்கை. மகனுக்கு வேலையில் லீவு போயிற்று. சர்க்கரை நோயுள்ள வீட்டுக்காரி மூன்று இரவும் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்தே கழித்தாள். ஒரு ஸுப்ஹு ஜமாஅத்தைப் பிடிக்கப் போய் எத்தனை வக்து ஜமாஅத்தை விட்டோம் என்று எண்ணிப் பார்க்கவே கூசுகிறது.

டாக்டர் கோபிக்கவில்லை. "யாரிடம் காட்டுவதற்காக ஓட்டினீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவரல்லர். சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அது ஓர் ஆலிம்ஷாவின் வாயிலிருந்து வந்ததுபோல் நெஞ்சில் தைத்துவிட்டது. "அல்லாஹ்வுக்காக" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. படுத்துக்கொண்டு யோசித்தோம்.

ஓர் அடியான் நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, அவன் ஊரில் சுகமாக இருந்தபோது செய்துவந்த அமல் எதுவோ அது அப்படியே அவனுக்கு எழுதப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததாக அபூமூஸா (ரலி) வாயிலாக புகாரியில் வந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பன்னிரண்டு நாளும் நாம் கட்டிலில் கிடந்தபடியே நம் கணக்கில் பாலம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்! பன்னிரண்டாம் நாள் உண்மையாகவே ஏறி இறங்கியதால் அந்தக் கணக்கில் என்ன கூடியது? ஒன்றே ஒன்றுதான் கூடியிருக்க முடியும்: அந்த "மாஷா அல்லாஹ்". அதையும் அங்கேயே அனுபவித்து முடித்துவிட்டோம்.

நோயாளிக்கும் பயணிக்கும் மார்க்கம் இறக்கிக் கொடுக்கும் சலுகையை ருக்ஸத் என்பார்கள். அதை நம்மவர்கள் பலர் பலவீனர்களின் பங்கு என்று எண்ணுகிறார்கள். நோன்புக் காலத்தில் இது நன்றாகத் தெரியும். விட்டுவிடலாம் என்று மார்க்கமும் மருத்துவமும் ஒருசேரச் சொன்ன பிறகும் நோற்று மயங்கி விழுபவரை ஊரே புகழும். சொன்னபடி கேட்டு விட்டவர் திரைக்குப் பின்னால் ஒளிந்து சாப்பிட வேண்டியிருக்கும். பயணத்தில் தொழுகையைச் சுருக்குவது எதிரியைப் பற்றிய அச்சத்தோடு சேர்த்துக் குர்ஆனில் சொல்லப்பட்டிருக்க, அச்சம் நீங்கிய பிறகும் ஏன் சுருக்க வேண்டும் என்று உமர் (ரலி) அவர்களுக்கே ஐயம் வந்தது. நபியவர்களிடம் கேட்டார்கள். அது அல்லாஹ் உங்களுக்குச் செய்த தர்மம், அவனுடைய தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பதில் கிடைத்தது.

தர்மம்! இந்தச் சொல்லை நாம் எத்தனையோ பயானில் கேட்டிருக்கிறோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அதன் கனம் தெரிந்தது. தர்மம் என்றால் வாங்க வேண்டும். கையை நீட்ட வேண்டும். நாமோ வாழ்நாளெல்லாம் கொடுத்துப் பழகியவர்கள். பெரிய செல்வம் ஒன்றுமில்லை. ஆயினும் சைக்கிள் கேரியரில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், ரேஷன் கடையிலிருந்து யாராவது ஒரு கிழவியின் மூட்டையை ஏற்றி வருவதும் நம் வேலையாக இருந்தன. தாழ்ந்த கையைவிட உயர்ந்த கை மேல் என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அது மனிதர்களுக்கிடையே உள்ள கணக்கு. அல்லாஹ்வுக்கு முன்னாலும் உயர்ந்த கையாகவே இருக்க வேண்டும் என்று ஒருவன் நினைத்தால் அதற்கு என்ன பெயர்?

தலையில் காயம்பட்ட ஒரு தோழருக்குக் குளிப்புக் கடமையான செய்தி அபூதாவூதில் இருக்கிறது. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். நபி (ஸல்) அவர்கள் அறிந்தபோது, அவர்களே அவரைக் கொன்றுவிட்டதாகக் கடிந்து, தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதல்லவா என்றார்கள். அந்தத் தோழருக்குத் தவறாகச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். நமக்கு எல்லோரும் சரியாகவே சொன்னார்கள். நம்மை நாமே கொல்லப் பார்த்தோம்.

"இப்படி எழுதினால் சும்மாவே சாக்குத் தேடுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகாதா?" என்று ஒரு நேயர் கேட்பார். கேட்க வேண்டியதுதான். ஏனென்றால் நம் கதையின் பின்பாதி அதுதான்.

ஏழாம் வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, "இனி மெதுவாக ஓட்டலாம். எல்லா வேலையும் பார்க்கலாம்" என்றார். நாம் ஓட்டவில்லை. சைக்கிள் மட்டுமல்ல, பள்ளிக்கே போகவில்லை. புண் ஆறிய பின்னும் நமக்குக் கசிவு நிற்கவில்லை. இருமினால் சொட்டும், ருகூவிலிருந்து எழுந்தால் சொட்டும், அவசரம் வந்தால் அடக்க முடியாது. பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் படிப்படியாகக் குறைவதுதான் இது. நமக்கோ, கைலியில் வாடை வருகிறதோ, ஸஃப்பில் பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிக்கிறாரோ என்ற பயம். வீட்டு அறைக்குள்ளேயே தொழுதோம். மௌத்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கேட்டவர்களிடம் "டாக்டர் அலையக் கூடாது என்கிறார்" என்றோம். அது பொய். காரணத்தோடு கிடைத்த அனுமதி, காரணம் நீங்கினால் தானும் நீங்கிவிடும் என்பது பிக்ஹுக் கலையின் சாதாரணப் பாடம். அதை அறிந்துகொண்டே ஆறு வாரச் சலுகையைப் பதின்மூன்று வாரமாக்கினோம்.

மஸ்அலாவைக் கேட்டுத் தெளிவதற்கும் வெட்கம். மறைவுறுப்பில் உண்டாகும் ஒரு கசிவைப் பற்றிக் கேட்க அலீ (ரலி) அவர்களும் கூசினார்கள். நபியவர்களின் மகள் தம் மனைவியாயிற்றே என்று, மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்கச் செய்தார்கள். நாமும் மச்சானை அனுப்பினோம், "ஒருவருக்கு இப்படியாம்" என்று. ஹள்ரத் பெரியவர். "அந்த ஒருவரை நானே போய்ப் பார்க்கிறேன்" என்று அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் சொன்னதை மற்றவர்களுக்கும் உதவுமே என்று எழுதுகிறோம். ஒளுச் செய்து பர்ளைத் தொழுது முடிக்கும் அளவுக்குக்கூட இடைவெளி கிடைக்காமல் ஒரு முழு வக்தும் கசிவு தொடர்ந்தால் அவர் உளுருடையவர். ஹனபி மத்ஹபில் அவர் ஒவ்வொரு வக்துக்கும் ஓர் ஒளுச் செய்துகொண்டு, அந்தக் கசிவு தொடர்ந்தாலும், ஒளுவை முறிக்கும் வேறொன்று நிகழாதவரை, அந்த வக்து முடியும்வரை பர்ளும் சுன்னத்தும் தொழலாம். ஷாபியீ மத்ஹபில் வக்து வந்த பிறகு கழுவி, துணி வைத்துக் கட்டி, ஒளுச் செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும். ஒரு பர்ளுக்கு ஓர் ஒளு. ஆனால் ஜமாஅத்துக்காகக் காத்திருப்பது போன்று தொழுகையின் நன்மைக்காக உண்டாகும் தாமதம் அதைக் கெடுக்காது. பள்ளியில் சிந்தாதபடி பாதுகாத்துக்கொண்டால் உள்ளே வருவதற்கு இருவரிடமும் தடையில்லை. சும்மா சந்தேகம்தான் என்றால் அதைப் பொருட்படுத்தவே கூடாது; இஸ்தின்ஜாவுக்குப் பின் உடையில் சிறிது தண்ணீர் தெளித்துக்கொண்டு போக வேண்டியதுதான். அவரவர் நிலை வேறுபடுவதால் தத்தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நலம்.

இதில் நமக்கு ஓர் இடி இருந்தது. ஸுப்ஹின் வக்து நுழைவதற்கு முன் செய்த ஒளு நம் போன்றவர்களுக்கு உதவாது. பாங்கைக் கேட்ட பிறகுதான் ஒளு, அதன் பிறகுதான் புறப்பாடு. அதாவது மோதினார் கதவைத் திறக்கும்போது படியில் நிற்க இனி முடியாது. முப்பது வருட வழக்கம் ஒரு மஸ்அலாவில் போயிற்று! அதைச் சொன்னபோது ஹள்ரத் சிரித்தார். "படியில் நிற்பதற்குத் தனி நன்மை ஏதும் நான் கிதாபில் பார்க்கவில்லை" என்றார்.

டாக்டர் கற்பித்த பயிற்சி ஒன்றும் இருந்தது. காற்றை அடக்குவதுபோல் அடிவயிற்றுக்குக் கீழுள்ள தசையை இறுக்கி, சில நொடி வைத்திருந்து விடுவது. ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்குப் பல தடவை. அலட்சியமாக விட்டிருந்தோம். ஒழுங்காகச் செய்யத் தொடங்கியதும் வாரத்துக்கு வாரம் கசிவு குறைந்தது.

மீதி இருந்தது சைக்கிள். நம்முடையது பார் வைத்த பழைய வண்டி. பின்னால் காலைச் சுழற்றிப் போட்டு ஏற வேண்டும். மூன்று மாதம் சும்மா இருந்த இடுப்பு மறுத்துவிட்டது. ஒருமுறை முயன்று, சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டோம். திண்ணையில் படித்துக்கொண்டிருந்த பேத்தி பார்த்துவிட்டாள். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் அவளுடையது, லேடீஸ் சைக்கிள். "நன்னா, என் வண்டியை எடுத்துக்கங்க. காலைத் தூக்கவே வேணாம்" என்றாள்.

நேயர்கள் சிரிக்கக்கூடும். தாடியும் தொப்பியுமாக ஒரு கிழவன் முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளில் கடைத்தெரு வழியாகப் போவதை எண்ணிப் பாருங்கள். ஆபரேஷனுக்கு வெட்கம், கசிவுக்கு வெட்கம், இப்போது இதற்கும் வெட்கம். அன்று இரவு தூங்காமல் யோசித்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. பன்னிரண்டாம் நாள் ஓட்டியதும், பதின்மூன்றாம் வாரம்வரை ஓட்டாமல் இருந்ததும் நேரெதிரான இரண்டு தவறுகள் என்று அதுவரை எண்ணியிருந்தோம். ஊரில் ஒருவருமே இல்லையென்றால் பன்னிரண்டாம் நாள் ஓட்டியிருப்போமா? மாட்டோம். ஒருவருமே இல்லையென்றால் ஏழாம் வாரமே ஓட்டியிருப்போமா? நிச்சயமாக. இரண்டு தடவையும் முடிவு செய்தது அல்லாஹ்வின் கட்டளையும் அல்ல, நம் உடம்பும் அல்ல, கடைத்தெரு! மனிதர்களுக்காக ஓர் அமலைச் செய்வதைப் போலவே மனிதர்களுக்காக ஓர் அமலை விடுவதையும் புளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். விடுவதில் எப்படி முகஸ்துதி வரும் என்று அந்நாளில் நமக்குப் புரிந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டியூபோடும் பையோடும் உட்கார்ந்துதான் தொழுதோம். மூலநோய் உடைய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும் அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்தும் தொழ நபியவர்கள் வழி சொன்னார்களே, அந்தச் சலுகையை வார்டில் ஒரு கூச்சமுமின்றி ஏற்றோம். அங்கே நம்மைத் தெரிந்தவர் யாருமில்லை!

சலுகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதில் உண்மையாகவே ஒரு சிரமம் இருக்கிறது. பயணிக்கு ஊர் எல்லை இருக்கிறது. உள்ளே நுழைந்தால் சுருக்குவது முடிந்தது. நோன்புக்குப் பிறை இருக்கிறது. நோயாளிக்கு எல்லைக் கல் கிடையாது. டாக்டர் வாரக் கணக்குச் சொல்வார், ஆலிம் மஸ்அலாச் சொல்வார். இரண்டையும் கேட்ட பிறகும் "இன்று முடியுமா?" என்ற கேள்வி நம்மிடமே மிஞ்சுகிறது. அப்போது கடைத்தெருவைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். எப்போதும் கழிந்துவிடுகிறது என்று சொல்ல மாட்டோம்.

மறுநாள் இஷாவுக்குப் பிறகு நம் தெருவுக்குள்ளேயே இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தோம். பிறகு வாய்க்கால் வரை. சைக்கிள் கடையில் அகலமான ஸ்பிரிங் சீட் போட்டு, அதன் மூக்கை இலேசாகக் கீழே சாய்த்து, ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்திக் கொடுத்தார்கள். உடம்பின் பாரம் இருக்கை எலும்பில் விழ வேண்டும், நடுவில் விழக் கூடாது. பள்ளம் வந்தால் சீட்டிலிருந்து சற்று எழுந்துகொள்ள வேண்டும். நமக்கு ஆண்டுதோறும் ஓர் இரத்தப் பரிசோதனை உண்டு. அதற்கு முன் இரண்டு நாள் ஓட்டுவதில்லை, ஓட்டினால் கணக்குக் கூடிக் காட்டக்கூடுமாம். புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுவதையும் எடுத்தவர்கள் இன்னும் அதிக காலம் பொறுக்க வேண்டியிருக்கும்; அவர்கள் நம் கணக்கைப் பின்பற்ற வேண்டாம்.

முதல் நாள் கடைத்தெருவில் டீக்கடை வாசலில் ஒரு சிரிப்பு எழுந்தது உண்மை. ஆனால் அந்த வாரமே, நம்மைவிட ஐந்தாறு வயது மூத்த ஒருவர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஓரமாக அழைத்தார். இரவில் எத்தனை முறை எழுவீர்கள், எந்த டாக்டர், வலிக்குமா என்று மெல்லிய குரலில் கேட்டார். நாம் தெரிந்ததைச் சொன்னோம். அவரும் இரண்டு வருடமாக "பனிக்காலம்" சொல்லிக்கொண்டிருந்தவர்தான்.

இப்போது பாங்கு கேட்ட பிறகு ஒளுச் செய்து புறப்படுகிறோம். பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறோம். போய்ச் சேரும்போது முதல் ஸஃப்பு நிறைந்திருக்கும். இரண்டாவதில் ஓரமாக இடம் கிடைக்கும். தொழுதபின் முன்போல் வெகுநேரம் உட்கார முடிவதில்லை. எட்டு மணிக்குப் பேத்தி பள்ளிக்கூடம் புறப்பட வேண்டும், வண்டி அவளுடையது.